பெரிய வீட்டின் மாட்டுக்கொட்டகை

கைடு அக்காவை நினைத்தால் அவர் குரலுக்கு முன்னால் எனக்குக் கேட்பது ‘கர்ர்’ என்ற இரைச்சல்தான். இடுப்பு பெல்ட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்கும், கன்னத்தை ஒட்டி மைக் வளைந்து நிற்கும். வண்டி நின்றதும் அதை இரண்டு தட்டு தட்டி, “எல்லாரும் நெழல்ல நின்னுக்குங்க” என்பார். நிழலில் நிற்கவைத்துவிட்டுச் சுடச்சுடப் பேசுவார். புதுச்சேரி என்றால் கடற்கரையும் மஞ்சள் சுவரும் ரொட்டிக் கடையும்தான் என்று நினைத்து வருகிறவர்களை வில்லியனூர், பாகூர் பக்கம் இழுத்துக்கொண்டு போவதுதான் எங்கள் கம்பெனியின் ஞாயிற்றுக்கிழமை டூர். “அங்க இன்னா இருக்குது பாக்க?” என்று டவுன் ஏஜெண்டுகள் சிரிப்பார்கள். அக்கா அதைக் காதில் வாங்கியதே இல்லை. அவர் பூரணாங்குப்பத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்துப் பெண். நான் வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். டிக்கெட், தண்ணீர், சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. வண்டி, பாகூர்ப் பக்கத்து இளைஞரான டிரைவர் அண்ணன் பொறுப்பு.

கீழூர் நினைவிடத்தில்தான் அக்காவின் சுயரூபம் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் போவதா இருப்பதா என்று மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்த இடம் அது. வந்தவர்கள் தூணுக்குப் பக்கத்தில் செல்ஃபி எடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, “ஓட்டுப் போட்டவங்களப் பத்திச் சொல்லிட்டேன். அன்னிக்கு ஓட்டுப் போடக் கூப்புடாதவங்களப் பத்தி யாராச்சும் கேளுங்க” என்பார். செல்லிப்பட்டில் ஆற்றின் குறுக்கே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய அணைக்குப் போனால், திட்டம் போட்ட துரையைப் பற்றி இரண்டு வரி, மண் சுமந்தவர்களைப் பற்றிக் கால் மணி நேரம். டூருக்கு வந்த சிலர், இந்தம்மா அரசியல் பேசுகிறார் என்று கம்பெனியில் போட்டுக்கொடுத்தார்கள். இன்னொரு புகார் வந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அக்கா வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது அது ஒன்றுதான். கணவருக்கு இடுப்பு முறிந்து படுக்கையில் இருந்தார், பையன் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு கொஞ்ச நாள் அக்கா அடக்கித்தான் வாசித்தார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு புது ஏற்பாடு செய்தது. பாகூர்ப் பக்கம் ஒரு பெரிய வீடு. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம், முன்னால் உருண்டைத் தூண்கள், சன்னல்களில் கலர் கண்ணாடி, சுற்றிலும் அவர்களுடைய கரும்பும் நெல்லும். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே தலைவாழை இலையில் சாப்பாடு. முதல் ஞாயிறு நாங்கள் போய் இறங்கியபோது வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று எல்லோரையும் கைகூப்பி வரவேற்றார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்த டிரைவர் அண்ணனிடமும் சிரித்துக்கொண்டே ஊர் பெயர் கேட்டார். அண்ணன் சொன்னார். “அங்க எந்தத் தெருப்பா?” என்றார் அடுத்து.

கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம். தெருவைக் கேட்பார்கள். பதில் வந்ததும் குடிக்க வீட்டுச் செம்பு வருமா தனி டம்ளர் வருமா, உள்ளே கூப்பிடுவார்களா வாசலோடு பேசி அனுப்புவார்களா என்பது முடிவாகிவிடும். டிரைவர் அண்ணனுக்கும் அது தெரியும். அவர் தயங்காமல், குரலைத் தாழ்த்தாமல் தன் தெருப் பெயரைச் சொன்னார். வீட்டுக்காரர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. “வண்டிகிட்ட ஆளு வேணுமில்ல, ஒனக்குச் சாப்பாடு பின்பக்கம் குடுத்தனுப்புறேன்” என்று அதே சிரிப்போடு உள்ளே போய்விட்டார்.

கூடத்தில் இலை போட்டார்கள். ஒரு இலை குறைந்தது. பரிமாறுகிறவரைக் கேட்டேன். அவர் கண்ணாலேயே பின்பக்கம் காட்டினார். போய்ப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகையில், சாணிக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டிரைவர் அண்ணன் மடியில் காகிதத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா மைக்கைத் தட்டினார்.

“எல்லாரும் கொஞ்சம் எழுந்திரிங்க. இந்த வூட்ல முக்கியமான எடம் ஒண்ணு பாக்காம வுட்டுட்டோம்.” பாதிப் பேர் அப்பளத்தோடு எழுந்து வந்தார்கள். கொட்டகை முன்னால் நின்று, கீழூரில் பேசுகிற அதே குரலில் அக்கா சொன்னார்: “காலையிலேர்ந்து நாம பாத்த எடமெல்லாம் ஆண்டவங்க வுட்டுட்டுப் போனது. இது அப்பிடி இல்ல. இன்னும் ஆட்சி நடக்குது.” நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலை போய்விட்டது என்று அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்தும் பெருமையாக இருந்தது. ஆனால் அவர் அடுத்த வரி பேசுமுன் டிரைவர் அண்ணன் எழுந்தார்.

“நிறுத்துக்கா. நா இன்னா செலையா, சுத்தி நின்னு பாக்குறதுக்கு?”

அக்கா மைக்கை அணைத்தார். “தப்புதான்பா. வா, என் எலையில ஒக்காரு” என்றார். “ஒன் எலை எதுக்கு? எனக்குன்னு ஒண்ணு போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அண்ணன் தட்டை நாற்காலியில் வைத்தார். சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே கூடத்துக்குள் போனார். எல்லோரும் பின்னாலேயே போனோம். பரிமாறுகிறவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் செல்போனைப் பார்த்தார். இலை வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “அப்ப வண்டி கெளம்புது” என்றார் அண்ணன். வந்தவர்களில் பெரும்பாலோர் இலையை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு பெரியவர் மட்டும் பாயசத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். அவரையும் ஏற்றிக்கொண்டு பாகூர்க் கடையொன்றில் எல்லோரும் பரோட்டா தின்றோம்.

மறுநாள் கம்பெனி அக்காவையும் அண்ணனையும் வேலையிலிருந்து நிறுத்தியது. நானும் நின்றுகொண்டேன். எனக்குக் கடை இருந்தது, வீறாப்புக் காட்ட முடிந்தது. அக்காவுக்கு அப்படி இல்லை. சில மாதம் டியூஷன் எடுத்தார், துணிக்கடையில் நின்றார். மேனேஜர் ஆள் அனுப்பினார்: பெரிய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் போதும், வேலை திரும்பக் கிடைக்கும். “வருத்தம் இருக்குது. அத டிரைவர் தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவருகிட்ட சொல்ல ஒண்ணுமில்ல” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அது நடந்து பல வருடமாகிறது. இப்போது டிரைவர் அண்ணன் சொந்தமாக ஒரு பழைய வேன் ஓட்டுகிறார். அதில் அக்காதான் கைடு. போன மாதம் நானும் ஏறிப்போனேன். கீழூர், செல்லிப்பட்டு, பாகூர்க் கோயில் எல்லாம் பழையபடிதான். சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி இடம் அந்தப் பெரிய வீடு. உள்ளே இல்லை, கேட்டுக்கு வெளியே, அரசாங்க ரோட்டில். அங்கே மட்டும் அக்கா பேசுவதில்லை. மைக்கைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறார். நடந்ததை அவரே சொல்கிறார், தன் தெருப் பெயரோடு.

அன்று அவர் சொல்லி முடிக்கிற நேரம் வீட்டுக்காரர் கேட்டருகே வந்தார். நரைத்துப்போயிருந்தார். “எத்தினி நாளைக்குப்பா இதையே சொல்லிக்கினு இருப்ப? இப்பல்லாம் எல்லாம் மாறிப்போச்சு” என்றார்.

அண்ணன் மைக்கை அணைக்கவில்லை. “மாறிப்போச்சுங்களா? ரொம்ப சந்தோசம். வேன் நெறைய ஆளு இருக்கோம், யாரும் இன்னும் சாப்புடல. கேட்டத் தெறங்க.”

வீட்டுக்காரர் கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. அசையவில்லை. நாங்களும் வேனில் ஏறவில்லை. வெயிலில் வரிசையாக நின்றோம், டிரைவர் அண்ணன் முதல் ஆளாக.