பக்கத்தில் நின்ற பயிர்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வரும் அந்த அம்மாவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அவருக்கும் என் மனைவிக்கும் ஒரே நோய், முற்றிய சினைப்பைப் புற்று. மருந்தும் ஒன்று, டாக்டரும் ஒருவர். மஸ்கட் வேலையை உதறிவிட்டு ஓடிவந்து பார்த்துக்கொண்டேன். என் மனைவி இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. அந்த அம்மா பதினோரு வருஷமாகச் செக்கப்புக்கு வருகிறார். கறுத்து மெலிந்த உடம்பு, கால் நகங்களில் வயல்சேறு. ஸ்கேனுக்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் அண்ணாந்து, சொட்டு சிந்தாமல் குடிப்பார். அதுகூட எனக்குப் பொறுக்காது.

மனைவி போன பிறகு, அவளுடைய ரிப்போர்ட்டுகளை வாங்கப் போன அன்று கேட்டேவிட்டேன்.

"நீங்க மட்டும் எப்படிம்மா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? என் கட்டியில ஏதோ ஜீன் வேற மாதிரி இருக்காம். அதனாலதான் மருந்து கேட்டுச்சான்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆபரேஷன்ல எடுத்த உங்க வீட்டம்மா கட்டியும் லேப்ல இருக்கும். அதையும் பாக்கச் சொல்லி எழுதிக் குடுங்களேன்."

"செத்தவளோடது எதுக்கு?" சீறிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வயல்ல நோய் விழுந்தா அழுகின நெல்லுக் குத்தை மட்டுமா பிடுங்கிட்டு வேளாண்மை ஆபீசுக்குப் போறோம்? பக்கத்துல நல்லா நிக்கிறதையும் பிடுங்கித்தானே கொண்டு போறோம். ரெண்டையும் சேத்து வச்சாத்தானே தம்பி தெரியும்?"

கையெழுத்துப் போட்டேன்.

இப்போது தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். அவர் செக்கப்புக்கு வரும் மாதத்தில் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். இறங்கினால் இன்னும் வயிறு எரிகிறது. இறங்காத நாளில் கடையில் உட்காரவே முடிவதில்லை.