டாக்டர் வீட்டுப் புல்

தை மாதத்தில் பனி விலகி, வெயில் இன்னும் சுடத் தொடங்காத ஒன்பது மணி வாக்கில், வெட்டிய புல்லின் பச்சை வாசனையும் பெட்ரோல் புகையும் ஒன்றாகக் கலந்து தரையோடு தங்கி நிற்கும். எனக்குப் பத்து வயது நடந்த அந்த ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்த வாசனைதான். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையில், எங்கள் ஊருக்கு அரை கிலோமீட்டர் முன்னால், ஒரு காலத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளைந்த கொல்லையை வாங்கி மாடிவீடு கட்டியிருந்தார் ஒரு டாக்டர். முப்பது வருடம் ஏதோ ஒரு குளிர் நாட்டில் வேலை பார்த்துவிட்டு, மனைவி இறந்த பிறகு தனியாகத் திரும்பி வந்தவர். அந்த வீட்டில் தோட்ட வேலைக்கு என் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தார்கள். மோட்டார் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கொடுத்தார். தெருவில் சின்னம்மா வீட்டுக்கு அடுத்த எங்கள் கூரைவீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் மூன்று பேரும் அங்கே குடிபோனோம்.

டாக்டருக்கு வீட்டு முன்னால் புல்தரை வேண்டும். நம் ஊர் அருகம்புல் இல்லை. அவர் இருந்த நாட்டில் அவர் வீட்டு முன்னால் இருந்த அதே புல். விதையைப் பெட்டியில் போட்டு அங்கிருந்தே கொண்டுவந்திருந்தார். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் அப்பா மண்ணைக் கொத்தி, சலித்து, மட்டம் பார்த்து, விதையைத் தூவினார். பத்தாம் நாள் தரைமேல் பச்சைப் பனி படிந்ததுபோல் முளை தெரிந்தது. மார்கழிக் குளிரில் அது பிடித்த வேகத்தை எங்கள் ஊரே வந்து கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனது. நடவு முடிந்த வயலில்கூட அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை.

அதற்கு ஒரு மிஷின் வந்தது. அப்பா அதைப் "புல்லு மிஷின்" என்றார். பனி காய்வதற்கு முன் ஓட்டினால் ஈரப்புல் அடியில் அப்பிக்கொள்ளும் என்பதால் வெயில் வரும்வரை துணியால் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். கத்தி மழுங்கியிருந்தால் புல்லின் நுனி கிழிந்து வெளுத்துப்போகும் என்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தீட்டுவார். அம்மாவின் வேலை களை எடுப்பது. புல்லை மிதிக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதனால் ஒரு நீளப் பலகையைப் போட்டு அதன்மேல் குந்தியபடியே கோரையைக் கிள்ளி எடுத்து, பலகையை நகர்த்தி, மறுபடி குந்தி, நாள் முழுவதும் அந்தத் தரையை அம்மா கடந்துகொண்டே இருப்பாள்.

நான் மட்டும் மிதிக்கலாம். ஒருநாள் ஓரமாக நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "செருப்பக் கழட்டிட்டு வா கண்ணு, நடந்து பாரு" என்றார் டாக்டர். காலை வைத்தேன். பாதத்தின் கீழே அவ்வளவு குளிர்ச்சியும் மெத்தென்ற தன்மையும் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரோடு புல்மேல் நடப்பது என் உரிமையானது. அவர் எனக்கு ஆங்கிலச் சொற்கள் சொல்லிக்கொடுப்பார். அந்த நாட்டில் பனி உருகி முதல் வெயில் வரும் மாதங்களுக்கு "ஸ்பிரிங்" என்று பெயர் என்றார். நான் வகுப்பில் போய்ச் சொன்னேன். ஸ்பிரிங் என்றால் பேனாவுக்குள் இருப்பது என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. பாவம், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்குள் வந்தது அப்போதுதான்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அந்த நினைப்பைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். தெருப்பக்கம் போனால், "தொரசாணி வந்துகினு இருக்கா, வழி வுடுங்க. கால்ல மண்ணு ஒட்டிக்கப் போவுது" என்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவள் அதைப் பிரியமாகத்தான் சொன்னாள். சித்தப்பா சென்னையில் கட்டட வேலை, பிள்ளை இல்லை, ஒரு மாடுதான் அவளுக்குத் துணையும் பிழைப்பும். என்னைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவள்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் தங்கிவிட்டது.

மாசி கடைசியில், டாக்டர் கையில் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றார். குளிர்காலம் முடிந்ததும் புல்லை ஒட்ட வெட்ட வேண்டும், அடியில் சேர்ந்த சக்கையை வாரி எடுக்க வேண்டும், பிறகு உரம் தூவ வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அப்பா தயங்கினார்.

"வெயிலு ஏறிக்கினு இருக்குதுங்க. இப்ப ஒட்ட வெட்டனா வேரு வெந்துடுங்க. நெழலுக்கு கொஞ்சம் ஒயரமா உட்டுடலாங்க."

"உனக்கு மல்லாட்டை தெரியும். இது உனக்குத் தெரியாது. சொன்னதச் செய்" என்றார் டாக்டர்.

அப்பா மிஷினின் சக்கரத்தை இறக்கி வைத்து ஒட்ட வெட்டினார். அம்மா முள்வாரியால் சக்கையை வாரினாள். ஒரு வாரம் அது சவரம் செய்த முகம்போல் அழகாகத்தான் இருந்தது. பங்குனி பிறந்ததும் இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு என்று மஞ்சள் விழத் தொடங்கியது. காலையில் ஒருவேளை, மாலையில் ஒருவேளை தண்ணீர் பாய்ச்சியவர்கள் நடுப்பகலிலும் பாய்ச்சினார்கள். டாக்டர் வீட்டு போர்வெல் ஆழமானது. அது ஓட ஓட, தெருவில் இருந்த கைப்பம்பு முதலில் மூச்சு வாங்கியது, பிறகு வெறும் காற்றைத்தான் தந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியில் விடும் தண்ணீர் ஆட்களுக்கே போதவில்லை. மாட்டுக்கு எங்கே போவது? சின்னம்மாவின் மாடு நிறைமாதம்.

டாக்டர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில், வீட்டின் பின்பக்கக் கம்பிவேலிக்கு வெளியே சின்னம்மா நான்கு குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்பாள். அம்மா ஓசைப்படாமல் குழாயை வேலிக்கு வெளியே நீட்டுவாள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நிரம்பியதும் சின்னம்மா இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு போவாள். விடுமுறை நாள் ஒன்றில் நான் அதைப் பார்த்தேன். பிறகு மறுநாளும் பார்த்தேன்.

அந்த வாரத்தில் டாக்டர் மஞ்சள் திட்டு ஒன்றின் அருகில் உட்கார்ந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து இழுத்தார். வேர் மண்ணைவிட்டு முடிபோல் வந்துவிட்டது. வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததாக எனக்கு ஞாபகம். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "இவ்ளோ தண்ணி விடறோமே கண்ணு, எங்க போகுது?" என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. எனக்கு எதையும் தருவதாகச் சொல்லவும் இல்லை. அந்தப் புல் சாவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்த நான்கு குடங்கள்தான் அதைக் கொல்கின்றன என்று நான் நம்பினேன். இவ்வளவு சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, "தொரசாணி" என்ற சொல். நான் சொன்னேன். எந்த நேரம், எந்த இடம், எத்தனை குடம் என்று எல்லாம் சொன்னேன்.

மறுநாள் பகலில் குடங்கள் நிரம்பி முடிந்த நேரத்துக்கு டாக்டர் பின்பக்கம் வந்தார். சத்தம் போடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, நான்கு குடங்களையும் முன்பக்கம் கொண்டுவந்து புல் ஓரமாக வைக்கச் சொன்னார். சின்னம்மா பின்னாலேயே கேட்டுக்குள் வந்து நின்றாள்.

"மாட்டுக்கா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க. நெறமாசங்க. தாகத்துல நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்குதுங்க. இன்னிக்கி ஒரு நாளு மட்டும் எடுத்துக்கினு போறேங்க."

டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ எடுத்த தண்ணிய நீயே ஊத்திடு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மிஷினின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து முதல் குடத்தைத் தூக்கினாள்.

"அங்க இல்ல. இந்த மஞ்சளா இருக்கே, இங்க. மெதுவா ஊத்து, வேர் அடிபடக் கூடாது" என்று டாக்டர் இடம் காட்டினார்.

நான்கு குடத்தையும் அம்மா மெதுவாக, வேர் அடிபடாமல் ஊற்றினாள். வெந்திருந்த மண், ஊற்ற ஊற்ற உறிஞ்சியது. சின்னம்மா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிக் குடம் முடிந்ததும் அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில கொஞ்சம் நிக்குதுங்க. அதையும் ஊத்திடட்டுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"ஊத்திடு" என்றார் அவர்.

ஊற்றினாள். நான்கு குடத்தையும் தூக்கிக்கொண்டு போனாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் தலை வாரிவிடும்போது, அம்மா பின்னாலிருந்து கேட்டாள். "நீயா சொன்ன?"

"இல்ல" என்றேன்.

சீப்பு ஒரு நொடி நின்றது. "சரி" என்றாள். பின்னலை முடித்து, ரிப்பன் கட்டி, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு தெருப்பக்கம் போனாள். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை.

அந்த வாரமே சின்னம்மா மாட்டை விற்றுவிட்டாள். லாரியில் ஏற மறுத்த மாட்டைத் தரகன் வாலை முறுக்கி ஏற்றினான் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொன்னார்கள். வயிற்றில் கன்றோடு அது எந்த ஊருக்குப் போனதோ தெரியாது.

சித்திரை பிறப்பதற்குள் புல் முழுவதும் செத்தது. அது குளிருக்குப் பிறந்த புல். எங்கள் வெயிலில் ஆயிரம் குடம் ஊற்றினாலும் நின்றிருக்காது என்பது பின்னால் படித்தபோது எனக்குத் தெரிந்தது. டாக்டருக்கு அது அப்போதே தெரிந்திருக்கலாம். ஆனால் அவர், "நீங்கல்லாம் சேந்து கொன்னுட்டீங்க" என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவரிடம் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என்னை யாரென்று தெரிந்த அடையாளமே இல்லை.

மறுபடி பழைய வீட்டுக்கே வந்தோம். எங்களுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் தாளிக்கும் வாசனை எங்கள் வீட்டுக்கு வரும். ஆனால் அக்காவும் தங்கையும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எதிரே வந்தால் சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மா நின்று, அவள் போன பிறகு நடப்பாள். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தாள். சின்னம்மா வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, எடுப்பதற்கு முன்பே போய்விட்டாள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது தாம்பூலத் தட்டோடு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்தாள். மோர் கொடுத்தாள். என் கன்னத்தைத் தடவினாள். பேச்சு அம்மாவிடம் போனதும் அவள் குரல் மாறியது.

"அன்னிக்கி சாயங்காலம் உங்கம்மா வந்தாடி. இங்கதான் நின்னா. 'நான்தாண்டி ஐயாகிட்ட சொல்லிட்டேன். அவரு சந்தேகப்பட்டுட்டாரு, சொல்லலன்னா வேல போயிடும், நாங்க எங்க போவோம்'னா. ஊத்தனதுகூட எனக்குப் பெருசு இல்ல. காட்டிக்குடுத்துட்டு, ஒண்ணுந் தெரியாதவ மாதிரி ஊத்தனா பாரு. கூடப் பொறந்தவ செய்யற வேலையா அது? நீயே சொல்லு."

என் கையில் மோர் டம்ளர் இருந்தது. சீப்பு நின்ற அந்த ஒரு நொடியில் அம்மா என்ன முடிவு செய்தாள் என்பது பதினான்கு வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. தன் பெண்ணை ஊரில் ஒருத்தரும் காட்டிக்கொடுத்தவள் என்று சொல்லக் கூடாது. அதற்காகத் தங்கை போனால் போகட்டும். நான் வாயைத் திறந்திருந்தால் அங்கேயே, அந்த நிமிடமே, அம்மா தன் தங்கைக்குத் திரும்பக் கிடைத்திருப்பாள்.

"வுடு சின்னம்மா, பழசு" என்று சொல்லிவிட்டு, மோரைக் குடித்து முடித்தேன். அவள் என் நெற்றியில் விபூதி வைத்து அனுப்பினாள். கல்யாணத்துக்கு வந்து முதல் வரிசையில், அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டர் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார். அந்த வீடு இப்போது இல்லை. இடித்து, மனை பிரித்து, எண் எழுதிய கற்களை நட்டிருக்கிறார்கள். கற்களுக்கு நடுவே சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. நான் விழுப்புரத்தில் குடியிருக்கிறேன். மயிலம் பக்கம் போகும் பஸ்ஸில் அந்த இடம் வந்து போக எத்தனை நேரம் ஆகும்? நாலு விநாடி.

சின்னம்மா போன ஐப்பசியில் இறந்துபோனாள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தது நான்தான். நினைவு தெளிவாகவே இருந்தது. மூன்று நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு மூன்று நாள் இருந்தது. "உங்கம்மாவுக்கு இல்லாத மனசுடி உனக்கு" என்று அவள் சொன்னபோதும், போர்வையைச் சரிசெய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.