கூட்டறிக்கையில் நான் எழுதாத வரி

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு பங்குனி மாதம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு குளத்தடியில் நடந்தது இது. குளத்தின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். சொன்னால் யார் யார் என்று எங்கள் பக்கத்துச் சனம் அரை நாளில் கண்டுபிடித்துவிடும். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கொதிக்கிறது. அதில் முக்கால்வாசிக் கோபம் என்மேல்தான்.

நான் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். கிளார்க் என்றால் எல்லோருக்கும் விளங்கும். பட்டம் முடித்து, ஆசிரியராக வேண்டும் என்று காத்திருந்து, கடைசியில் கிடைத்தது இந்த மேசை. வீடு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். தினமும் காலையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்து வேலைக்குப் போவேன். பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. அப்போது பதினாறு வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன், அந்தப் பதினாறு வருடமும் இந்த வேலையை நான் மதித்ததில்லை. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், ‘கந்தோரில்’ என்று அலுவலகத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.

எங்கள் பக்கத்தில் வயல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மழைக்காலப் பெரும்போகத்தை எல்லோரும் செய்யலாம். வெயில் காலத்துச் சிறுபோகம் அப்படியல்ல. குளத்தில் கிடக்கிற தண்ணீருக்கு அளவாகத்தான் காணி. ஆகவே போகம் தொடங்க முன்னம் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி, எந்த வட்டைக்குத் தண்ணீர், எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள் விதைப்பு என்று தீர்மானிப்பார்கள். வட்டை என்பது ஒரு வாய்க்காலை நம்பியிருக்கிற வயல்வெளி. தீர்மானத்தில் பெயர் இல்லாத வட்டைக்குத் தண்ணீர் இல்லை, மானிய உரம் இல்லை, பயிர் அழிந்தாலும் கேட்பதற்கு வழியில்லை.

அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். குளத்தடிப் பல்தேவைக் கட்டடத்தில் நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். எங்கள் அலுவலகத் தலைவர் ஒவ்வோர் அதிகாரியையும் பதவி சொல்லி அறிமுகம் செய்துகொண்டு வந்தார். என்னிடம் வந்ததும், “இவ சும்மா குறிப்பெடுக்க வந்தவ” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அது ஒரு சாதாரண தகவல் என்பதுபோல எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டத்தில் பெரிய இழுபறி கடைசி வட்டை பற்றித்தான். வாய்க்காலின் வால்பக்கம் இருக்கிற வட்டை அது. மூன்று சிறுபோகமாக அவர்களைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்த வட்டையின் விதானை, அதாவது தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்ள விவசாயிகளே தெரிவு செய்த ஆள், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். கத்தாரில் சில வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து வயல் செய்கிறவர். ஒரு மணித்தியாலம் விடாமல் கதைத்தார். சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. மூன்று மாத நெல்லே விதைக்கிறோம், சொன்ன திகதிக்குள் விதைக்கிறோம், நூற்றிருபது ஏக்கர் தாருங்கள் என்று நின்றார். தலைமை தாங்க நகரத்தில் இருந்து வந்த பெரிய அதிகாரி கடைசியில் சரி என்றார். கைகள் உயர்ந்தன. நான் எழுதினேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் பிஸ்கட்டுக்கும் தேத்தண்ணிக்கும் எழும்பிப் போக, அந்த விதானை மட்டும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பேனையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசி வசனத்துக்குப் புள்ளி வைத்துக் கொப்பியை மூடிய பிறகுதான் அவர் அங்கிருந்து போனார்.

மூன்றாம் நாள் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் உள்ளே போனபோதும் தொலைபேசியில்தான் இருந்தார். வால்பக்கத்துக்குத் தண்ணீர் போனால் தன் பங்கு குறையும் என்று நினைக்கிற, வாய்க்காலின் தலைப்பக்கத்துப் பெரிய காணிக்காரர் ஒருவர் மறுமுனையில். “பயப்படாதீங்க, அத நான் பார்த்துக்கொள்ளுறன்” என்று இவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. வைத்துவிட்டு என்னிடம், “அந்தக் கடைசி வட்டைய எடுத்துவிடுங்க மிஸ். அது தீர்மானம் இல்ல, சும்மா கதைச்சது” என்றார். கை உயர்த்தினார்களே சேர் என்றேன். நீங்கள் டைப் அடிக்கிற வேலையைப் பாருங்கள் என்றார்.

நான் போய், டைப் அடித்து வைத்திருந்த கூட்டறிக்கையில் இருந்து அந்த வரியை அழித்தேன். பெரிய மனப்போராட்டம் நடந்தது என்று எழுதினால் அது பொய். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு என்னத்துக்கு வீண் வம்பு என்று நினைத்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. என்னை டைப் அடிக்கிறவள் என்றுதானே வைத்திருக்கிறீர்கள், நல்லது, வருகிற பழியும் உங்களோடு போகட்டும் என்று. அறிக்கையின் கடைசியில் ‘குறிப்பெடுத்தவர்’ என்ற இடத்தில் வழக்கம்போலக் கையெழுத்து வைத்தேன். பெரிய அதிகாரியும் வாசிக்காமலே கையெழுத்து வைத்து அனுப்பினார். ஏழு அலுவலகங்களுக்குப் பிரதிகள் தபாலில் போயின.

கூட்டம் நடந்து பன்னிரண்டாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். அந்த விதானை வந்தார். உரத்துக்கு விண்ணப்பிக்கக் கூட்டறிக்கையின் பிரதி ஒன்று வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். முதலில் வேகமாக, பிறகு வரிக்கு வரி விரலை வைத்து. கடைசித் தாளுக்கு வந்து, திரும்பவும் முதல் தாளுக்குப் போனார். தாள்களை எண்ணினார்.

“மிஸ், ஒரு தாள் கொறையுதா?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த மனிசனுக்கு எங்கள்மேல் சந்தேகமே வரவில்லை. தாள்தான் குறைகிறது என்று நினைத்திருக்கிறார். இல்லைத் தம்பி, அவ்வளவுதான் என்றேன்.

“நீங்க எழுதினத நான் பார்த்தன் மிஸ். நீங்க எழுதி முடிச்சாப் பொறகுதான் நான் போனன். எழுதியாச்சு, உழுங்க எண்டு சனத்துக்கிட்டச் சொன்னதும் நான்தான்.”

நூற்றிருபது ஏக்கரையும் உழுதுவிட்டார்கள். சிலர் விதைநெல்லும் ஊறப்போட்டிருந்தார்கள். இன்னும் நான்கு நாளில் குளத்தைத் திறக்கப்போகிறார்கள். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது, தம்பி, சேரிடம் கேளுங்கள் என்பதுதான்.

“சேர் எழுதல்லையே மிஸ்” என்றார்.

அவ்வளவுதான். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

அன்று பின்னேரம் பாதையில் திரும்பும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தலைவர்மேல், தலைப்பக்கத்துக் காணிக்காரர்மேல், வாசிக்காமல் கையெழுத்து வைத்த பெரியவர்மேல், எல்லோர்மேலும் வந்தது. பதினாறு வருடமாக என்னை ஒரு பொருட்டாக மதிக்காத எல்லோரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். திட்டித் திட்டிக் கடைசியில் என்னிடமே வந்து நின்றேன். இத்தனை பேர் மதிக்காத என் வேலையை ஒரே ஒரு ஆள் மதித்திருக்கிறார். நூற்றைம்பது பேர் இருந்த மண்டபத்தில் பெரிய அதிகாரியின் வாயை நம்பாமல் என் பேனையை நம்பி நின்றிருக்கிறார். அவரைத்தான் நான் ஏமாற்றியிருக்கிறேன். தலைவர் சொன்னார் என்பது உண்மை. ஆனால் அழித்தது என் விரல். என் வேலையில் எனக்கே மரியாதை இருந்திருந்தால் அந்த விரல் அவ்வளவு லேசாகப் போயிருக்காது.

அடுத்த நாள் காலையில் கூட்டத்தில் கையால் எழுதிய குறிப்புக் கொப்பியையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனேன். திருத்தம் அனுப்ப வேண்டும் சேர் என்றேன். பெரியவர் கையெழுத்து வைத்த அறிக்கையைத் திருத்த நீ ஆர் என்று கத்தினார். நீங்கள் என்பது நீ ஆகிவிட்டது. நான் அறிக்கையின் அடியைக் காட்டினேன். “சேர், இதில நீங்க கையெழுத்து வைக்கல்ல. நான்தான் வெச்சிருக்கன். பொய் எழுதினது நான் எண்டுதான் நாளைக்கு வரும்” என்றேன்.

அவர் அனுமதி தரவில்லை. நான் கேட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை. மேசைக்கு வந்து நாலே வரியில் ஒரு கடிதம் எழுதினேன். நான் தயாரித்த கூட்டறிக்கையில் ஒரு தீர்மானம் விடப்பட்டுள்ளது, அதை நீக்கியது நான், கையால் எழுதிய குறிப்பின் பிரதியை இணைத்துள்ளேன் என்று. யார் சொல்லி நீக்கினேன் என்று எழுதவில்லை. கேட்டால் சொல்வோம் என்று விட்டுவிட்டேன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல, “என்னகா, ஒனக்கு விசரா?” என்றா. சொல்லிக்கொண்டே கடித உறைகளுக்கு முத்திரை ஒட்டித் தந்தா. ஆறு கடிதங்களைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, ஏழாவதை நானே நகரத்துக்குக் கொண்டுபோனேன்.

பெரிய அதிகாரியைப் பார்க்க இரண்டு மணித்தியாலம் நின்றேன். கடிதத்தை வாசித்தார், கொப்பியின் பிரதியைப் பார்த்தார். ஓம், நான் சரி சொன்னேன்தான் என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அடுத்த கேள்வி விழுந்தது. “இத்தனை நாளா என்ன செஞ்சீங்க?”

அவசரமாக ஒரு கூட்டம் கூட்டினார்கள். ஆனால் அதற்குள் தண்ணீர்க் கணக்கெல்லாம் போட்டு, மற்ற வட்டைகளுக்கு முறை பிரித்தாயிற்று. முதலிலேயே தெரிந்திருந்தால் முறையை மாற்றி எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கலாம், இப்போது பாதிக்குத்தான் ஏலும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொன்னார். வாய்க்காலுக்குக் கிட்ட இருக்கிற அறுபது ஏக்கருக்குத் தண்ணீர். மற்ற அறுபது, உழுதது உழுதபடியே வெடித்துக் கிடந்தது. ஊறப்போட்ட விதைநெல்லைக் கோழிக்குப் போட்டார்கள். அந்த விதானையின் இரண்டு ஏக்கரும் காய்ந்த பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் கூட்டத்திலும் அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, தன் காணி இல்லாத அந்த அறுபது ஏக்கரை நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அனுமதி இல்லாமல் திருத்தம் அனுப்பியது ஏன் என்று விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. ஒரு வருடச் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள், வேறு அலுவலகத்துக்கு இடமாற்றமும் தந்தார்கள். தலைவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் பதவி உயர்ந்து போய்விட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் சோறு தின்னவில்லை. ஆனால் தண்டனை வந்ததே என்று எனக்கு முறைப்பாடு இல்லை. அழித்ததற்குத் தண்டனை தந்திருந்தால் இரு கையாலும் வாங்கியிருப்பேன். அவர்கள் தந்தது திருத்தியதற்கு, அதுதான் ஆறவில்லை.

இப்போதும் கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கப் போகிறேன். ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். யாரும் எழும்ப முன்னம் தீர்மானங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பேன். அதிகாரிகள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். நான் நிறுத்துவதில்லை. பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்பேன். பின்வரிசையில் இருந்து யாராவது, மிஸ், எங்கட திகதிய இன்னொருக்கா வாசிங்க என்பார்கள். வாசிப்பேன். கல்யாண வீட்டில் கேட்டால் இப்போது பேச்சை மாற்றுவதில்லை. எழுதுவினைஞர் என்கிறேன்.

கதை தெரிந்த சிலர் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள், உன்னால்தானே அறுபது ஏக்கர் விளைந்தது என்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு வருவது அதே கோபம்தான், ஏனென்றால் விளைந்த அறுபது ஏக்கரை எழுதிய இதே கைதான் காய்ந்த அறுபது ஏக்கரையும் அழித்தது.