தையல் அன்ரி கொடுத்த மூலை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு மேலே அப்போது வெறுங்கம்பிகள்தான் ஓடின. காலி வீதி என்ற பெருந்தெருவில் தொடங்கிக் கடற்கரைத் தண்டவாளம் வரை, கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து, உப்புக்காற்றில் நிறம் கெட்டுக் கிடக்கும். பலத்த காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்கும். ஒரு தென்னை மட்டை விழுந்தால் ஒழுங்கை முழுவதும் இருண்டுவிடும். எங்கள் தொடர்மாடியில் முதலில் லிஃப்ட் நிற்கும், பிறகு மோட்டர் ஓடாமல் தண்ணீர் நிற்கும். நாலாம் மாடியில் பக்கவாதத்தோடு படுத்திருந்த என் மாமனாரின் காற்று மெத்தையும், அதை ஊதும் பம்ப் நின்று, மெல்ல இளகித் தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைப்பதுதான் எங்கள் வேலை. ஒரு நாள் தவறினாலும் முதுகில் புண் வந்துவிடும்.

தையல் அன்ரியை நினைத்தால் அந்தக் கம்பிகள்தான் முதலில் கண்ணுக்குள் வருகின்றன. ஒழுங்கை வளையும் இடத்தில் மூலை வீடு அவருடையது. கணவர் இல்லை, மகள் மெல்பேர்னில். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோருக்கும் அவர்தான் பிளவுஸ் தைத்தார். அளவெடுக்கும்போது அதிகம் கதைக்கமாட்டார். கைகளைத் தூக்கச் சொல்வதும் மூச்சை விடச் சொல்வதும் மட்டுந்தான். அதனால் அவரைப் பற்றி நாங்கள் அறிந்தது குறைவு என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு பெரிய புயலுக்குப் பிறகு, மின்சாரக் காரியாலயத்திலிருந்து இளம் பெண் பொறியியலாளர் ஒருவர் வந்தார். சிங்களவர், நாங்கள் 'மிஸ்' என்றே கூப்பிட்டோம். எங்கள் ஒழுங்கை ஒரு நீண்ட லைனின் கடைசி நுனியில் இருப்பதாகவும், வழியில் எங்கே அறுந்தாலும் நாங்கள்தான் இருளில் கிடப்போம் என்றும் விளக்கினார். இங்கே இன்னொரு மின்மாற்றி வைத்தால் ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கத்தால் மின்சாரம் தரலாம். அதற்கேற்ற இடம் தையல் அன்ரியின் முன்மதில் மூலை மட்டுமே.

நாங்கள் ஐந்தாறு பேர் கேட்கப் போனோம். மறுக்க ஒரு காரணமும் இல்லை என்றே நினைத்திருந்தோம். அன்ரி தேத்தண்ணி தந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இடம் தாறன். ஆனா இந்த வெறும் வயர் முழுக்க மாத்தி, உறை போட்ட கேபிள் இழுக்கவேணும். அதுக்குப் பிறகுதான் மூலை."

மிஸ்ஸிடம் சொன்னோம். இந்த முறை மின்மாற்றிக்கு மட்டுமே அனுமதி என்றும் கேபிள் பிறகு பார்க்கலாம் என்றும் சொன்னார். அன்ரி அசையவில்லை.

அடுத்த மழைக்காலத்திலும் கம்பி அறுந்தது. அதற்குள் பெண்கள் பலர் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார்கள். அன்ரியைக் கோயிலில் கண்டாலும் சிரிப்பதில்லை. இரண்டாம் நாளும் மின்சாரம் வராததால், மாமாவை, நகரின் மறுபக்கம் மின்சாரம் இருந்த கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குக் கொண்டுபோக முடிவு செய்தோம். கட்டில் விரிப்பில் கிடத்தி, என் கணவரும் மேல்வீட்டுப் பெடியன்களும் படிப்படியாக இறக்கினார்கள். மாமா கண்களை இறுக மூடியிருந்தார். மாமாவை ஏற்றிய வான் மூலை வளைவில் நின்றபோது அன்ரி கேற்றைத் திறந்து ஓடிவந்து, தன் வீட்டு முன்னறையில் படுக்க வைக்கலாம், தானும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் கணவர் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உங்கட மூலையிலதான் அன்ரி அப்பாவின்ர கரண்ட் நிக்குது." வான் போகும்வரை அன்ரி அங்கேயே நின்றார்.

சில வாரங்களில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், கார்கள் நிறுத்தும் இடத்தில், ஒரு கூட்டம் வைத்தோம். மிஸ்ஸும் வந்திருந்தார். ஒருவரின் பிடிவாதத்தால் எல்லோரும் கஷ்டப்படுவதாக யாரோ பேசத் தொடங்கியபோது அன்ரி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நான் கொட்டாஞ்சேனையில பிறந்தனான். எனக்குப் பத்து வயசா இருக்கேக்க ஒரு புயல் அடிச்சது. அடுத்த நாள் காலமை அண்ணா கடைக்குப் பாண் வாங்கப் போனவர். ஒழுங்கையில வெள்ளம். வயர் அறுந்து தண்ணிக்குள்ள கிடந்தது ஒருத்தருக்கும் தெரியாது. அப்ப கரண்ட் இல்லை. அவர் திரும்பி வரேக்க கரண்ட் வந்திட்டுது."

அதைச் சிங்களத்திலும் ஒருமுறை மிஸ்ஸுக்குச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "கரண்ட் கெதியா வாறது நல்லம். விழுந்து கிடக்கிற வயருக்குள்ள கெதியா வந்தா என்ன செய்வம்?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேகமாக மின்சாரம் வருவதையே நாங்கள் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தோம். இரண்டும் வேறு வேறு என்பதை அந்தக் கீழ்த்தளத்தில்தான் முதன்முதலாக யோசித்தேன். ஒழுங்கை முழுவதும் சேர்ந்து கேட்டால் மேலிடத்தில் தானும் வாதாட முடியும் என்றார் மிஸ். முதலில் எழுந்தவர் என் கணவர். காரியாலயத்துக்கு அன்ரியோடு தானே போவதாகச் சொன்னார். சொன்னபடி பலமுறை போனார்.

கேபிளும், பிறகு அன்ரியின் மூலையில் மின்மாற்றியும் வர மாதங்கள் ஆயின. அதற்கு முன், கொட்டாஞ்சேனையிலேயே, காய்ச்சல் கண்டு மாமா இறந்துபோனார். இறக்கி ஏற்றியதால்தான் என்று ஒரு டொக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அன்ரி செத்தவீட்டுக்கு வந்து பின்வரிசையில் இருந்துவிட்டுப் போனார். அவர் நின்றது சரி என்று எனக்குத் தெரியும். அந்த மாதங்களின் கஷ்டத்தை மாமாவும் சேர்ந்து சுமந்தார் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டேன்.

இப்போது அன்ரி மகளோடு இருக்கிறார். மூலை வீடு இருந்த இடத்திலும் தொடர்மாடி எழுகிறது. மின்மாற்றியை அகற்றித் தரும்படி கட்டுபவர்கள் கேட்டபோது ஒழுங்கையில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

கேபிள் வந்தபின் அடித்த முதல் புயலின் மறுநாட்காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதிர்வீட்டு மாமரம் லைனின் மேல் சாய்ந்திருந்தது. கறுப்புக் கேபிள் அறாமல், மரத்தின் பாரத்தில் நெஞ்சளவுக்கு இறங்கித் தொங்கியது. வீடுகளில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒழுங்கையின் நடுவே, குடையைப் பிடித்தபடி, வழியை மறித்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அன்ரி இருந்தார். ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகளையெல்லாம் சுற்றிப் போகச் சொல்லித் திருப்பிக்கொண்டிருந்தார்.

கரண்ட் போகவில்லையே அன்ரி, நீங்கள் கேட்ட கேபிள்தானே என்றேன்.

"ஓம். எண்டாலும் உறை எங்க கிழிஞ்சிருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? ஆக்கள் வந்து பாக்குமட்டும் ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது."

நான் மேலே போய் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்தேன். அன்ரி எழுந்து தன்னுடையதைச் சற்று நகர்த்தி, குடையின் பாதியை என் பக்கம் சாய்த்தார். காரியாலயத்து வாகனம் வரும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.