மோதிர விரல் நகம்

அறுபதுகளில் பாலக்கரையில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். என் கறிக்குழம்புக்குத் துறையூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். ஒருநாள் ஒல்லியாக ஒருவர் கிடார்ப் பெட்டியோடு வந்தார். உட்கார்ந்ததிலிருந்து அவர் விரல்கள் மேசையில் ஓடிக்கொண்டே இருந்தன. வலக்கையில் மட்டும் நீள நகம்.

"அக்கா, ஸ்பூன் இருக்குங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "என் சோத்தைக் கையால தொட்டா உங்க கவுரவம் குறைஞ்சிடுமா? இங்க எல்லாரும் கையாலதான் சாப்பிடுறாங்க."

அவர் இலையில் கை வைத்தார். எலும்பைப் பிய்க்கும்போது மோதிர விரல் நகம் படக்கென்று ஒடிந்தது. முகம் வெளிறிவிட்டது.

"இந்த நகத்தாலதாங்க கம்பியை மீட்டுவேன். நாளைக்கு சர்ச் ஹால்ல, நானே போட்ட பாட்டை முதல் தடவையா வாசிக்கணும். மூணு வருஷமா போட்டது."

மறுநாள் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதி வாசித்தார். திடீரென்று நிறுத்தி, சபையைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் வந்தபோது புது ஸ்பூன் ஒன்றை இலையோரம் வைத்தேன். அதைத் தள்ளிவிட்டுக் கையால் பிசைந்தார். மிச்ச நகங்களையும் ஒட்ட வெட்டியிருந்தார். இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ருசித்துச் சாப்பிட்டாரா, என்னைத் தண்டித்தாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.