இறங்காத டிரைவர் காளியண்ணன்

கொல்லிமலையில் ஜீப் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் வண்டியை விட்டுக் கீழே இறங்காதவன் என்று பேர் எடுத்தவன் காளியண்ணன் ஒருவன்தான். செம்மேட்டு ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். இவனுக்கு டீ வண்டிக்கே வரும். வடை வரும், பீடி வரும், ஊர்வம்பும் வந்து சேரும். எவனாவது கேட்டால், "டிரைவர் எறங்குனா வண்டிக்கு என்னங்க மரியாதை?" என்பான். ராசா என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது.

அவன் ராசாவும் இல்லை, மந்திரியும் இல்லை. இடது முழங்கால் போன மனுசன். மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் ஒரு மழைக்காலத்தில் பலாக்காய் ஏற்றும்போது வரப்பு சரிந்து, பாரத்தோடு விழுந்தான். கட்டுப் போட்டதில் எலும்பு கோணலாகக் கூடிக்கொண்டது. உட்கார்ந்தபடி கிளச்சை மிதிக்க முடியும், விட முடியும். நிற்க வேண்டும் என்றால் எதையாவது பிடிக்க வேண்டும். குத்தவைக்கவே முடியாது. காட்டுப் பக்கம் ஒதுங்கப் போனால்கூட ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நிற்பான்.

விடிவதற்கு முன்பே அவன் மனைவி பாவாயி தோள்கொடுத்து அவனை சீட்டில் ஏற்றிவிடுவாள். சாயங்காலம் கடைசி ஆளும் இறங்கிப் போன பிறகு அவளே வந்து இறக்குவாள். குடியிருந்த ஊடு ரோட்டோரம் இருந்தது வசதியாகப் போயிற்று. இது பாவாயியைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவன் நம்பியிருந்தான்.

தெரிந்தால் வேலை போய்விடும். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஜீப்பின் முதலாளி செங்கோட்டையன், செம்மேட்டில் மிளகு வியாபாரம் செய்பவர். அவரிடம் முன்பு ஓட்டிய சின்னராசுவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, சந்தை நாளில், ஸ்டாண்டு நிறையக் கூட்டம் இருக்க, சாவியை அவன் கையிலிருந்தே பிடுங்கினார். "நடுங்குற கைக்கு மாவாட்டற வேல இருந்தாப் பாரு" என்றார். பிடுங்கிய சாவியை அப்போதே, இன்னும் கால் போகாமல் பக்கத்தில் நின்ற காளியண்ணனிடம் கொடுத்தார். காளியண்ணனும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினான். சின்னராசு இப்போது சந்தையில் மூட்டை தூக்குகிறான், நடுங்குகிற கையோடுதான்.

காளியண்ணன் இத்தனை நாள் தப்பித்ததற்கு அந்த ஜீப்தான் காரணம். ஏதோ ஒரு அரசாங்கத் திட்டத்துக்காக வந்து பிறகு ஏலத்தில் போன வண்டி அது. தார் ரோட்டுக்குப் பின்சக்கரம் இரண்டும் இழுத்தால் போதும். குண்டூர் நாட்டுச் சேற்று ஏற்றத்துக்கு முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தாக வேண்டும். மற்ற ஜீப்புகளில் அதற்கு டிரைவர் இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் திருகைக் கையால் திருப்பி லாக் போட வேண்டும். தார் ரோடு வந்ததும் திரும்ப இறங்கி லாக்கை எடுக்க வேண்டும். இந்த வண்டி ஆட்டோமேட்டிக். சீட்டில் உட்கார்ந்தபடியே, பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கியரைப் போட்டு நகர்த்தினால் லாக் தானாக விழும். கியரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் தானாக விடும். முழங்கால் இல்லாதவனுக்கென்றே கடவுள் செய்து அனுப்பிய வண்டி.

கடவுள் செய்தாலும் இரும்பு தேயத்தானே செய்யும்? தொண்ணூற்றெட்டாம் வருஷ மழையில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏற்றத்தில் பாதி போகையில் டக்கென்று ஒரு சத்தம், முன்சக்கரம் கையை விட்டுவிடும். ஒருநாள் அன்னாசி மூட்டையும் ஆளுமாக வண்டி பின்னால் வழுக்கிக்கொண்டே போய் ஒரு சவுக்கு மரத்தில் முட்டி நின்றது. பெண்கள் குதித்து ஓடினார்கள். மறுநாளே செங்கோட்டையன் வண்டியை மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு இறக்கச் சொல்லி, தானும் கூடவே வந்தார். அங்கே அப்துல் அலீம் என்ற பாய் பட்டறை வைத்திருந்தார்.

வண்டியை ஜாக்கியில் ஏற்ற வேண்டியிருந்ததால் காளியண்ணனும் முதலாளி பார்க்காத நேரமாகக் கதவைப் பிடித்து இறங்கியிருந்தான். அலீம் பாய் சக்கரத்தின் நடுவைக் கழற்றி உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டினார். கிரீஸும் செம்மண்ணும் குழைந்து களியாக இருந்தது. "ரெண்டு வழி இருக்குங்க. இதையே சுத்தம் பண்ணி, சாமான் வரவழைச்சு மாத்தலாம். இல்லாட்டி இதத் தூக்கிப் போட்டுட்டு கையில திருப்பற லாக்கே போட்டுக்கலாம்."

"ஆட்டோமேட்டிக்கே இருக்கட்டுங்க முதலாளி" என்று காளியண்ணன் அவசரமாகச் சொன்னான். சாமான் வரும்வரை காத்திருக்கலாம் என்றான். கைலாக் போட்டால் ஒவ்வொரு நடைக்கும் நேரம் வீணாகும் என்றான். இப்படிப்பட்ட வண்டி மலையிலேயே நமக்கு மட்டும்தான், கௌரவம் என்றான். அவன் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. பேசும்போதெல்லாம் பட்டறை மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தான்.

செங்கோட்டையன் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாயிடம், "கைலாக்கே போடுங்க" என்றார்.

முதலாளி டீக்குடிக்கப் போனபோது பாய் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏனப்பா, உன்னால எறங்கி ஏற முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லு, நான் எதையாவது சொல்லி மாத்திப் பாக்கறேன்."

"எனக்கு என்னங்க பாய், கல்லு மாதிரி இருக்கறேன்" என்றான் காளியண்ணன். நல்ல மனுசன் நீட்டிய கையைத் தட்டிவிட்டான். பயந்தவனுக்கு எல்லாக் கையும் கழுத்தைப் பிடிக்க வரும் கையாகத்தான் தெரியும்.

முதல் சில நாட்கள் லாக்கைப் போட்டது போட்டபடியே ஓட்டினான். செங்கோட்டையன் ஸ்டாண்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து திருகைப் பார்த்தார். "தார் ரோட்டுல லாக்கோட ஓட்டறயா? டீசல் உங்கொப்பன் ஊட்லருந்து வருதா?" என்று சத்தம் போட்டார். அன்று சாயங்காலம் காளியண்ணன் பாவாயியிடம் கெஞ்சினான். மறுநாள் முதலாளியிடம், "அவ ஊட்ல சும்மாதானுங்க இருக்கா, வண்டிக்கு ஆளா வரட்டும்" என்றான். கூலி என்று ஒன்றும் கேட்கக் கூடாது என்றார் அவர். காளியண்ணன் தலையாட்டினான்.

அப்படித்தான் பாவாயி ஜீப்புக்கு வந்தாள். மண்ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் வண்டி நிற்கும். அவள் குதித்து இறங்கி, முதலில் டிரைவர் பக்கத்துத் திருகைத் திருப்புவாள். பிறகு சுற்றிக்கொண்டு இடது பக்கம் போவாள். அந்தப் பக்கம் அவள் குத்தவைத்தால் காளியண்ணனுக்குத் தெரியாது. அதனால் முடிந்ததும் உள்ளங்கையால் வண்டித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். தட்டுக் கேட்டால் கிளச்சை விடுவான். இதுதான் ஏற்பாடு.

முதல் நாளே வண்டியில் இருந்த ஒருத்தர் கேட்டுவிட்டார். "ஏனுங்க ராசா, பொம்பளையச் சேத்துல எறக்கிட்டு நீங்க மேல உக்காந்திருக்கறீங்களே?"

கால் விஷயம் வெளியே வந்துவிடப் போகிறது என்று பயந்து, காளியண்ணன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "கட்டிக்கிட்டு வந்தது எதுக்குங்க, பொட்டு வெச்சுப் பாக்கறதுக்கா?"

வண்டியே சிரித்தது. அவன் கண்ணாடி வழியாகப் பாவாயியை மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தான். அவளுக்கு விளங்கியது. லேசாகத் தலையை அசைத்தாள். அன்று ஊட்டில் அவன் அழுதான், அவள்தான் சமாதானம் சொன்னாள். "பேசிட்டுப் போங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள். நொண்டி என்ற பேரைவிட, பெண்டாட்டியை ஆட்டிவைக்கிறவன் என்ற பேர் மேல் என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். ஊரும் அப்படித்தானே? நொண்டியைப் பார்த்து உச்சுக் கொட்டும், கொடுமைக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுக்கும்.

ஆனால் சிரிப்பு இருக்கிறதே, அது கள்ளைவிட மோசம். ஒருமுறை ருசி கண்டவன் விடமாட்டான். இரண்டாம் மாதத்தில் காளியண்ணன் அடுத்த நடைக்கு என்ன சொல்லலாம் என்று முன்கூட்டியே யோசிக்க ஆரம்பித்தான். அவள் நடையைச் சொன்னான், அவள் அப்பன் ஊட்டைச் சொன்னான், குழந்தை இல்லாததைச் சொன்னான். கண்ணாடியில் அவளைப் பார்ப்பது நின்றுபோயிற்று. ஊட்டில் அழுவதும் நின்றது. பிறகு ஊட்டிலேயே அந்தப் பேச்சு வந்தது. வேடம் போட்டவன் வேடத்தைக் கழற்ற மறந்தான். அவளோ சாயங்காலம் தவறாமல் அந்த முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். இதைச் சொல்லும்போதே எனக்கு அவன்மேல் ஆத்திரம் வருகிறது.

இரண்டாயிரமாவது வருஷம், ஐப்பசி அடைமழை. செம்மேட்டுச் சந்தைக்குப் போகும் கூட்டம். உள்ளே ஆள், மேலே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மூட்டை, இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு ஆம்பளைகள். நடுவழியில் ஒரு ஓடை குறுக்கே ஓடி, ரோடு களிமண்ணாகக் கிடந்தது. வண்டி நின்றது. வலது பக்கத் திருகு சுலபமாகத் திரும்பியது. இடது பக்கத் திருகில் மண் ஏறி இறுகிப்போயிருந்தது. பாவாயி ஒரு கையைச் சக்கரத்துக்கு முன்னால் சேற்றில் ஊன்றி, மறுகையால் முழுப் பலமும் கொடுத்துத் திருகினாள். மழை முதுகில் கொட்டியது.

நேரமாகியது. வண்டியில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லோரும் ராசாவின் வாயைப் பார்த்தார்கள். காளியண்ணன் ஏமாற்றவில்லை.

"அடியே, என்ன பண்ற அங்க? சக்கரத்துக்குச் சடை பின்னிப் பூ வெக்கறயா?"

கொல்லென்று சிரித்தார்கள். இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் சிரிப்பு தாங்காமல் வண்டித் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினான்.

காளியண்ணன் கிளச்சை விட்டான்.

அவள் கத்திய கத்தல் ஓடைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பிரேக்கை மிதித்தான். சக்கரம் அவள் கைமேலேயே நின்றது. "பின்னால எடு, பின்னால எடு" என்று அலறினார்கள். எடுத்தான். எல்லோரும் குதித்து இறங்கி ஓடினார்கள். அவன் மட்டும் இறங்கவில்லை.

"எறங்குய்யா! உம் பொண்டாட்டிய்யா!" என்று ஒரு கிழவி கத்தினாள். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை போதும். என்னால் முடியாது, கால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் வாய் திறந்தது. பழகிப்போன வாய் பழகியதைத்தான் பேசியது.

"பாத்துப் பண்ணக் கூடாது? கண்ணு எங்க இருந்துச்சு?"

கிழவி ஒரு பிடி சேற்றை அள்ளி அவன் முகத்தில் எறிந்தாள். பாவாயியைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். அந்த நிலையிலும் அவள் அவன் காலைக் காட்டிக்கொடுக்கவில்லை. சேறு வழியும் முகத்தோடு அவன் செம்மேடு வரைக்கும் ஓட்டினான்.

ஸ்டாண்டை ஒட்டி இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸ்டெல்லா பாவாயியின் கையைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த பெண், ஆனால் தைரியசாலி. விரல்கள் தேறாது, உடனே நாமக்கல் கொண்டுபோக வேண்டும் என்றாள். தானே கூட வருவதாகச் சொல்லி ஒரு வேனுக்கு ஆள் அனுப்பினாள். "புருசன் எங்க?" என்று கேட்டாள். வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். "உள்ள வந்து பாக்கக்கூட மாட்டாரா?" என்றாள்.

சேதி கேட்டு செங்கோட்டையன் வந்தார். முதலில் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் வந்து நின்றார்.

"எறங்கிப் போயி ஒரு எட்டுப் பாருடா."

"வண்டியப் பாத்துக்கோணுமுங்க முதலாளி."

"வண்டி எங்க ஓடப்போவுது? கால இழுத்துக்கிட்டாவது போ."

காளியண்ணன் விறைத்துப்போனான். "எந்தக் காலுங்க?"

"அட போடா. பூனை கண்ண மூடிக்கிட்டா ஒலகமே இருட்டாயிருமா? பாய் பட்டறையில நீ மேசையப் புடிச்சுக்கிட்டு நின்னயே, அதுக்கும் முன்னாலயே எனக்குத் தெரியும். இந்த ஸ்டாண்டுல எவனுக்குத் தெரியாது? டீக்காரனக் கேளு."

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

"அப்ப என்னைய ஏனுங்க நிறுத்தல?" என்று கேட்டான்.

"நிறுத்தி? கைலாக் போட்டா எறங்க முடியாம நீ ஒரு ஆளக் கூட்டியாந்துதான் ஆகோணும். ஒரு சம்பளத்துல ரெண்டு ஆளு. யாராச்சும் வேண்டாம்பானா?" அவர் அதை ஒளிக்காமல், மிளகு விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் வந்து நின்றிருந்தது. ஸ்டெல்லா பாவாயியின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். கை பெரிய துணிப்பொதியாக இருந்தது, அதில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. முதலாளி சொன்னது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் நின்றாள். புருசனைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவும் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஊருக்கே தெரிஞ்ச காலுக்கா என்னைய அத்தன பேச்சுப் பேசுனீங்க?"

காளியண்ணன் கதவைத் திறந்தான். பட்டப்பகலில், சந்தைக் கூட்டத்தின் நடுவில், கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பானெட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டடி வந்தான். அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் இல்லை. காலை இழுத்துக்கொண்டு, கைகளை விரித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வேனை நோக்கி வந்தான். யாரும் ஆச்சரியப்படவில்லை. கீரை விற்கிற பெண் ஒருத்தி, நொண்டிக்கு வழிவிடுகிற மாதிரி கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டு, அடுத்த ஆளிடம் விலை பேசினாள்.

"நானும் வாரேன் பாவாயி" என்றான்.

பாவாயி அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். துணிப்பொதியை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி, "கதவச் சாத்துங்கம்மா, போலாம்" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னாள். வேன் கிளம்பிப் போயிற்று.