துணி எடுக்காத வருஷம்

சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை எனக்கு. சாரல் நின்றால் புளியங்குடிக்குப் போய் எலுமிச்சை மூட்டை ஏற்றுவேன். சில சமயம் ஏற்றிய லாரியிலேயே ஏறி உட்கார்ந்து, அது போகிற ஊருக்கு நானும் போய்விடுவேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து இப்படித்தான். ஒரு இடத்தில் நாலு மாதத்துக்கு மேல் இருந்தால் கால் அரிக்கும்.

இப்படித் திரிகிறவனிடம் துணிமணி சேராது என்று நினைப்பார்கள். ஆனால் என் அளவுக்குச் சட்டை எடுத்தவர்கள் குறைவு. எனக்குத் துவைக்கக் கல் கிடையாது, காயப்போடக் கொடி கிடையாது. சட்டை அழுக்கானால், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குவித்துப்போட்டு விற்கிறவனிடம் இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, பழையதை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிடுவேன். லாரி சீட்டுக்கு அடியில், கமிஷன் கடை மாடிப்படியில், ஐந்தருவிக்குக் கீழே பாறை இடுக்கில். எங்கெங்கே விட்டேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

ஒரு ஆடி மாத வெள்ளம்தான் அதை நிறுத்தியது.

மூன்று நாள் யாரையும் குளிக்க விடவில்லை. பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பாறை தெரியவில்லை, மலையே இடம்பெயர்ந்து கீழே வருவதுபோல் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் ஒரு காண்ட்ராக்டர் வந்து, வேலையில்லாமல் இருந்த எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டார். அருவிக்குக் கீழே ஆற்றில் சிக்கிக் கிடக்கிற துணிகளை எடுத்துக் கரையில் போட வேண்டும். ஆளுக்கு ஒரு தொரட்டி கொடுத்தார்கள்.

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் துணியை விட்டுவிட்டுப் போவது எனக்குத் தெரியும். ஈரத்தைச் சுமக்க மனமில்லாமல் விடுகிறவர்கள் உண்டு. தோஷம் கழியும் என்று சோசியர் சொன்னதற்காக விடுகிறவர்கள் உண்டு. செத்தவர்களுக்குக் காரியம் செய்துவிட்டு, உடுத்தியதை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டு வேறு உடுத்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு. தெரிந்திருந்தும் அன்றைக்குப் பார்த்ததற்கு நான் தயாராக இருக்கவில்லை. கைலி, சேலை, துண்டு, ஜட்டி, பள்ளிக்கூட யூனிபார்ம், கைக்குழந்தையின் கவுன். மதியத்துக்குள் ஆள் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. அதன் பின்னும் தொரட்டியைப் போட்ட இடத்திலெல்லாம் துணி வந்தது.

கரையில் ஒரு மருத மரம். அதன் வேரைச் சுற்றி ஒரு சேலை இறுகியிருந்தது. அறுத்தால் அதற்கு அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. எத்தனை வருஷத்துச் சேலைகளோ, மரத்துக்குப் பட்டை முளைத்ததுபோல் ஒட்டிக் கிடந்தன. அடியில் இருந்ததற்குச் சாயம் எல்லாம் போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கிழியவில்லை. பாறையையே குழிபறிக்கிற தண்ணீர், இந்த நூலை ஒன்றும் செய்யவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம் ஒரு நீலக் கட்டம்போட்ட சட்டை வந்தது. போன சீசனில் நான் விட்டெறிந்ததும் அதே மாதிரிதான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

“ஏலே, உன்னத் தேடி வந்துட்டுலே உன் சட்ட.”

அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தச் சட்டை ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கும். இருந்தாலும் ஒரு பொத்தான்கூடப் போகாமல் முழுசாக இருந்ததைப் பார்த்ததும், குவியலில் எறியக் கை வரவில்லை. அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். வருகிற ஆடி வரைக்கும் எனக்கென்று புதுத்துணி எடுப்பதில்லை என்று அங்கே வைத்துச் சொன்னேன்.

டீக்கடை அண்ணாச்சி டம்ளரைக் கழுவிக்கொண்டே, “நல்லதுடே. நீ இதுவரைக்கும் எடுத்ததே பத்து ஊருக்குக் காணும்” என்றார்.

முதல் மாதம்தான் சிரமம். கால் தானாகவே பஸ் ஸ்டாண்டுக் குவியல் பக்கம் போகும். என்னிடம் இருந்தது இரண்டு கைலி, மூன்று சட்டை. அந்த நீலக் கட்டத்தையும் சேர்த்து. அந்த வருஷம் ஊர் மாறாமல் குற்றாலத்திலேயே ஒரு அறை பிடித்து, கொடி கட்டினேன். ஊசியில் நூல் கோர்க்கப் பழகினேன். எண்ணெய்க் கறை போக, துணியை முதலில் அரப்புத் தூளில் புரட்டி வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். அருவியின் அடியில் நின்றால் பத்து நிமிஷத்தில் என் முதுகு சிவந்துவிடும். என் இடுப்பில் இருக்கிற கைலி அதே அடியைத் தினமும் வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் காய்ந்து ஒன்றும் நடக்காததுபோல் கொடியில் ஆடும். பசி கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டு சிமெண்டில் படுத்திருக்கிறேன், அப்போதெல்லாம் என்னைத்தான் கெட்டி என்று நினைத்திருந்தேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் ஒரு துணியைச் சரியாகப் பார்த்தேன்.

தீபாவளிக்கும் எடுக்கவில்லை. அண்ணாச்சி தன் புதுச்சட்டைக் காலரில் தொட்டுவைத்த மஞ்சளை எனக்குக் காட்டுவதுபோல் கழுத்தை நீட்டி நீட்டி வியாபாரம் பார்த்தார். அதைத் தாங்கிக்கொண்டேன். என்னை ஆட்டியது அதற்கடுத்த கார்த்திகை மாதம்.

எனக்கு ஒரே அக்கா. ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்தது. அத்தான் போலீஸில் இருந்தார். இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அப்போது நான் லாரியில் எங்கேயோ கேரளாவுக்குள் இருந்தேன். வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். அதற்கும் முன்னால், அவர்களுடைய ஒரே மகள் பெரிய மனுஷியானபோதும் நான் ஊரில் இல்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலையை யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமன் போட்டார். இப்போது அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பிள்ளை. மேடைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது மாமன்தான்.

அக்கா போனில் அழவில்லை. அழுதால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

“ஏலே, மாமன் இருக்கானா செத்தானான்னு மாப்பிள்ள வீட்ல கேக்காவ. நீ வருதியா, இல்ல இந்தத் தடவையும் வேற ஆளப் பாக்கணுமா? இப்பவே சொல்லிரு.”

“வாரேன்க்கா.”

“வந்தா மட்டும் போதாது. மனுஷன் மாதிரி வா. நல்லதா ஒரு சட்ட எடு.”

“நல்ல சட்ட ஒண்ணு இருக்குக்கா. வெள்ளைச் சட்ட. அடுத்த ஆடி வரைக்கும் புதுசு எடுக்கதில்லன்னு வெரதம்.”

“உன் வெரதத்தக் கொண்டுபோயி அருவிக்கரையில வையி” என்று போனை வைத்துவிட்டாள்.

பிள்ளைக்கு மாமன் சேலை எடுத்துவிட்டேன். விரதம் என் உடம்புக்குத்தானே தவிர அவளுக்கு இல்லை. எனக்கு அந்த வெள்ளைச் சட்டை போதும் என்று இருந்தேன். ஒரு தடவைதான் போட்டது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பெட்டி வாசனை போகட்டும் என்று அறையில் சோப்புப் போட்டுவிட்டு, அலச மட்டும் பேரருவிக்குக் கொண்டுபோனேன். இங்கே இருக்கிற எங்களுக்கு அது ஒரு கெட்ட பழக்கம். குழாய்த் தண்ணீரில் அலசினால் அலசியதாகவே தோன்றாது.

கறுப்பு வேட்டிச் சாமிமார்கள் கூட்டம். ஓரமாக மெலிசாக விழுகிற இடத்தில் சட்டையை இரண்டு தோளிலும் பிடித்துத் தண்ணீருக்குக் காட்டினேன். மலையில் மழை பிடித்தது கீழே எங்களுக்குத் தெரியவில்லை. போலீஸ் விசில் கேட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேலே தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. என் கையிலிருந்து சட்டையை யாரோ பிடுங்கியதுபோல் இருந்தது. ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். நுரைக்குள் வெள்ளையாகச் சட்டையின் ஒரு கை மேலே வந்தது, இன்னொரு தடவை வந்தது, அப்புறம் இல்லை.

அந்த நேரத்தில் எனக்குக் கல்யாண ஞாபகமே வரவில்லை. ஐம்பது பேர் கம்பி ஓரத்தில் மூச்சு விடாமல் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சரணம் சொல்லிக்கொண்டிருந்த சாமிமார்கூட வாயை மூடிவிட்டார்கள். அறைக்கு வந்து வெறும் கொடியைப் பார்த்த பிறகுதான் அது வந்தது.

மறுநாள் விடிந்ததும் ஆற்றோரமாக இறங்கித் தேடினேன். என்னுடையது கிடைக்கவில்லை. மருத மர வேரில் வேறொன்று கிடந்தது. சந்தன நிறம், முழுக்கை, நயமான துணி. ஒரு கிழிசல் இல்லை. தோளில் வைத்துப் பார்த்தேன், அளவு எடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. கடவுள் கொடுத்தார் என்றே நினைத்தேன். சட்டையும் ஆயிற்று, விரதமும் உடையவில்லை. துவைத்துக் காயவைத்துத் தென்காசியில் இஸ்திரி போட்டு, கல்யாணத்தன்று முதல் பஸ்ஸில் ஆலங்குளம் போய் இறங்கினேன்.

மண்டபத்தின் பக்கத்து அறையில் அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. “பரவால்லையே. எங்கன எடுத்த?” என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

“எடுக்கலக்கா. அருவியில கெடந்துச்சி.”

அவள் கையிலிருந்த பூவை மேஜையில் வைத்தாள். “யாரு தலமுழுகிட்டு விட்டுட்டுப் போனதோ. எந்த எழவு வீட்டுச் சட்டையோ. அதப் போட்டுக்கிட்டா எம் பிள்ள கையப் பிடிக்கப் போற?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நாலு மாதமாகத் துணியை மட்டுமே பார்த்துப் பார்த்து, அதை யார் எதற்காக விட்டார்கள் என்பது என் கண்ணில் படாமலே போய்விட்டது.

“கழத்துலே” என்றாள். கழற்றினேன்.

எனக்கென்று அவளே ஒரு சட்டை எடுத்து வைத்திருந்தாள். நான் எப்படியும் ஏதாவது கோளாறு பண்ணுவேன் என்று அவளுக்குத் தெரியும். பிளாஸ்டிக் கவரைப் பிரித்தாள். நான் விரதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. “குடுக்கா, போடுதேன்” என்று வாங்கிப் போட்டேன். தோளுக்கு மேல் ஏறவில்லை. அவள் மனசில் இருந்த அளவு, பழைய ஒல்லித் தம்பியின் அளவு. வருஷக்கணக்கில் எண்ணெய் தேய்த்து என் தோள் அகன்றதை அவள் பார்க்கவேயில்லை. வெளியே மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் வெற்றுடம்போடு நின்றேன்.

அவள் என் தோளைப் பார்த்தாள். பிறகு தன் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். இளநீலம். அத்தானுடையது. டியூட்டி இல்லாத நாளில் போடுகிறது. கல்யாணத்தன்று அது எதற்குப் பெட்டியில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருஷமும் மாதம் ஒரு தடவை இஸ்திரி போட்டிருப்பாள் போல, மடிப்பு கத்தி மாதிரி நின்றது. முழங்கையில் நூல் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது.

“இதப் போடு.”

“அக்கா, இது...”

“எவன் சட்டைன்னு எனக்குத் தெரியும்லா. போடு.”

போட்டேன். தோள் சரியாக உட்கார்ந்தது. பொத்தானைப் போடும்போது, அவள் தாம்பாளத்திலிருந்த மஞ்சளை விரலில் தொட்டுக் காலரின் உள்பக்கம் வைத்தாள்.

“பழசுக்கு எதுக்கு மஞ்ச?” என்றேன்.

“பேசாம நில்லு.”

பெண் இருந்த அறை வாசலுக்குப் போனேன். பட்டும் மாலையுமாக நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்ப்பாள், இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று அந்தப் பார்வை கேட்கும் என்று பயந்துகொண்டே போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் இடது கையை எடுத்து மணிக்கட்டுப் பக்கம் திருப்பினாள். அங்கே ஒரு பொத்தான் மட்டும் பச்சை நூலில் தைத்திருந்தது.

“மாமா, இது நான் வச்ச பொத்தான். ஆறாங் கிளாஸ் படிக்கும்போது வச்சேன். நீல நூலு இல்ல, அப்பா பரவால்லன்னு போட்டுட்டுப் போயிட்டாவ.”

பொத்தானை இழுத்துப் பார்த்தேன். “இன்னும் கெட்டியாத்தான்ட்டி இருக்கு” என்றேன்.

மேடைக்குக் கூட்டிப்போகக் கையை நீட்டினேன். முறைப்படி மாமன் கையைத்தான் பிடிக்க வேண்டும். அவள் அந்தப் பச்சை நூல் பொத்தானுக்கு மேலே சட்டைக் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அருவியில் என் கையிலிருந்து வெள்ளைச் சட்டையைப் பறித்த தண்ணீருக்குக்கூட அந்தப் பிடி இருந்ததா என்று தெரியவில்லை. தேய்ந்த துணி, கிழிந்துவிடும் என்று நினைத்தேன். கிழியவில்லை. கூட்டம் எழுந்து வழிவிட்டது. அக்கா தூணோரமாக நின்று, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், அந்தச் சட்டை மண்டபத்துக்குள் நடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைப் பக்கம் போய் உட்காரும் வரைக்கும் பிள்ளை பிடியை விடவில்லை.